25,000 ரூபாய், 58 புள்ளைங்க: எதுல போட்டா எல்லாரும் ஓடுவாங்க?

எங்க ஊர் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன கிராமம், அங்க இருக்கிற அரசு தொடக்கப் பள்ளிக்கு நான் எஸ்.எம்.சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு, தலைவி. தலைவின்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க, பேப்பர்ல கையெழுத்து போடவும் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடவும் ஒரு அம்மா வேணும்ல, அதான் நான். போன மாசம் கூட்டத்துல ஒரு பஞ்சாயத்து ஓடுச்சு பாருங்க, ரெண்டு மணி நேரம். விஷயம் இதுதான், திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கிற எங்க ஸ்கூல் பழைய மாணவர் ஒரு அண்ணன் "புள்ளைக வெளையாட்டுக்கு வச்சுக்கங்கம்மா"ன்னு 20,000 ரூபாய் குடுத்துட்டாரு. கூடவே சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக்கல்வித் திட்டத்துல தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு 5,000 வரைக்கும் வர்ற ஸ்போர்ட்ஸ் கிராண்ட். மொத்தம் 25,000. இதை எதுல போடுறது? ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அஞ்சு யோசனை வந்துச்சு, ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் உக்காந்து நோண்டிப் பாத்தேன், உங்க ஊர் ஸ்கூல்லயும் இதே மாதிரி பேச்சு வந்தா உதவட்டும்னு எழுதுறேன்.

மொதல்ல நிலவரம். புள்ளைங்க 58 பேரு, அதுல பொண்ணுங்க 31. ஹெச்.எம் டீச்சரையும் சேத்து டீச்சருங்க ரெண்டே பேரு. பி.டி சார் கிடையாது. இது எங்க ஊருக்கு மட்டும் நடந்த அநியாயம்னு நெனைச்சுக்கிட்டு நான் மனு எழுதப் போனேன், அப்பதான் டீச்சர் சொன்னாங்க, 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே உடற்கல்விக்குப் பகுதி நேர ஆள்னு இருக்கிறது 6ல இருந்து 8 வரைக்கும்தான், அதுவும் நூறு புள்ளைக்கு மேல இருந்தாத்தான். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அப்படி ஒரு ஆளே கணக்குல இல்ல. ஆனா அதே அட்டவணை மைதானம் இருக்கணும், வெளையாட்டுச் சாமான் குடுக்கணும்னு சொல்லுது. அதாவது பந்து இருக்கும், மைதானம் இருக்கும், வெளையாட வைக்க ஆள் இருக்காது. இத மனசுல வச்சுக்கங்க, கடைசில எங்க முடிவு இதச் சுத்தித்தான் வந்து நின்னுச்சு.

அப்புறம் எத வச்சு ஒப்பிட்டேன்னு சொல்லிடுறேன், இல்லாட்டி நான் சொல்ற தீர்ப்பு உங்களுக்கு வினோதமா இருக்கும். கூட்டத்துல எல்லாரும் யோசிச்சது "நல்லா ஓடுற பையன எப்படி மாவட்ட லெவலுக்கு கொண்டுபோறது"ன்னு. அவன் எப்படியும் ஓடுவான், தடுத்தாலும் ஓடுவான். நான் பாத்தது கடைசிப் புள்ளைய. என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ், கொஞ்சம் பூசுன உடம்பு, இதுக்கு முன்னாடி வேற ஒரு ஊர் ஸ்கூல்ல படிச்சப்ப ஸ்போர்ட்ஸ் டேல ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தா, மைக்ல யாரோ "வாங்க வாங்க ராஜாத்தி மெதுவா வாங்க"ன்னு சொல்ல மொத்தக் கூட்டமும் சிரிச்சுச்சு. அன்னைலேர்ந்து வெளையாட்டுன்னா அவளுக்கு வயித்துவலி வந்துரும். நெஜமாவே வரும், நடிப்பு இல்ல. அதனால நான் ஒவ்வொரு யோசனையையும் ஒரே கேள்வி வச்சுத்தான் அளந்தேன்: இந்தக் காசப் போட்டா, வகுப்புல ரொம்பத் தயங்குற புள்ளை வாரத்துக்கு எத்தனை நிமிஷம் ஓடும், மறுநாளும் வருமா?

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கு, 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷம் மூச்சு வாங்குற மாதிரி உடம்பு அசையணும், வாரத்துல 3 நாளாவது எலும்பு தசைக்கு வேலை குடுக்குற மாதிரி குதிக்கிறது தாவுறது இருக்கணும். வாரத்துக்கு 420 நிமிஷம். இத மொத்தமா ஸ்கூல் குடுக்க முடியாது, தெருவும் குடுக்கணும், ஆனா ஸ்கூலு எவ்வளவு குடுக்குதுன்னு பாக்கலாம்ல.

முதல் யோசனை, தடபுடலா ஸ்போர்ட்ஸ் டே. இதுக்குத்தான் கூட்டத்துல கைதட்டு அதிகம். ஷாமியானா பந்தல், மைக் செட், கோப்பை, எல்லாப் புள்ளைக்கும் பனியன், வந்தவங்களுக்கு சாப்பாடு, பி.டி.ஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) வருவாரு, போட்டோ வரும். கணக்குப் போட்டுப் பாத்தா 25,000 சரியா ஒரு நாள்ல கரையுது. ஒண்ணாங்கிளாஸ் புள்ளை அன்னைக்கு எவ்வளவு ஓடும்? 50 மீட்டர், சுமாரா 12, 13 செகண்ட். மிச்ச நேரம் வெயில்ல வரிசைல உக்காந்திருக்கும். அந்த 12 செகண்டுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ப்ராக்டீஸ் பண்ணுவாங்களேன்னு ஒரு அப்பா கேட்டாரு, நியாயமான கேள்விதான், ஆனா ப்ராக்டீஸ்ல நடக்குறது என்னன்னா மொத நாளே ஓடவிட்டுப் பாத்து ஆறு பேர செலக்ட் பண்ணிட்டு மிச்சப் பேர கைதட்ட உக்கார வைக்கிறது. கடைசிப் புள்ளை கணக்குல இது பூஜ்யம் கூட இல்ல, மைனஸ்.

போட்டி இருந்தாத்தான புள்ளைக்கு வெறி வரும்னு சொல்றவங்களுக்கு நார்வே கதைய சொல்லணும். அங்க சின்னப் புள்ளைங்க வெளையாட்டுக்குன்னே விதி வச்சிருக்காங்க, 11 வயசு ஆகுற வரைக்கும் ரேங்க் பட்டியல், ரிசல்ட் பட்டியல் போடக்கூடாது, 13 வயசுக்கு முன்னாடி தேசியப் போட்டியே கிடையாது. சரி இப்படி செல்லங்குடுத்து வளத்தா பெருசாகி என்னத்தக் கிழிப்பாங்கன்னு பாத்தா, வெறும் 55 லட்சம் பேரு சொச்சம் இருக்கிற அந்த நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்ல 16 தங்கம் அடிச்சுட்டு மொத எடத்துல நின்னுச்சு. அவங்களுக்குப் பனி இருக்கு காசு இருக்கு, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா சின்ன வயசுல ரேங்க் போடாம விட்டதால எதுவும் கெட்டுப்போகலங்கிறதாவது உறுதி.

ரெண்டாவது யோசனை, மாஸ்டர் வைக்கிறது. வாரத்துக்கு ரெண்டு நாள் சிலம்பம், இல்லன்னா கராத்தே. பக்கத்து டவுன்ல கேட்டோம், மாசம் 2,500 கேட்டாரு சிலம்ப மாஸ்டர், பத்து மாசத்துக்கு 25,000, கம்பு நம்ம வாங்கிக்கணும். இது எனக்கு உண்மையிலேயே ரொம்பப் பிடிச்ச யோசனை, மனசு ரெண்டு மூணு நாள் இதுலதான் நின்னுச்சு. ஏன்னா சிலம்பத்துல யாரும் "அவுட்" ஆக மாட்டாங்க, குண்டான புள்ளை ஒல்லியான புள்ளை எல்லாம் ஒண்ணுதான், கம்பு சுத்துறப்ப எல்லாருக்கும் கை கால் வேலை செய்யுது. பொம்பளப் புள்ளைய வெளையாட விடாத வீடு கூட "தற்காப்புக் கலை"ன்னா அனுப்பிருது, இது பெரிய விஷயம். ஊர் ஆம்பளைங்களுக்கு இன்னொரு காரணம், அரசு வேலைல 3 சதவீத விளையாட்டு கோட்டால சிலம்பமும் வந்துருச்சுல்ல, 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா போட்டிலயும் காட்சி விளையாட்டா சேத்தாங்க. "கோட்டால வேலை வாங்கிறலாம்மா"ன்னாரு ஒருத்தரு. அவரு புள்ளைக்கு இப்ப ஆறு வயசு. நான் என்ன சொல்ல.

ஆனா பிரச்சினை எங்கன்னா, 58 பேருக்கு ஒரு மாஸ்டர். ஒண்ணாங்கிளாஸயும் அஞ்சாங்கிளாஸயும் கம்போட ஒண்ணா விட முடியாது, கண்ணுல குத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது, அதனால ரெண்டு செட்டு. ஆக ஒரு புள்ளைக்கு வாரத்துக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு க்ளாஸ், 40 நிமிஷம், அதுலயும் வணக்கம், வரிசை, திருத்தம் எல்லாம் போக அசையுறது 25 நிமிஷம்னு வச்சுக்கங்க. மாஸ்டருக்கு எங்கயாவது திருவிழா ப்ரோக்ராம் வந்துட்டா அந்த வாரம் அதுவும் இல்ல. பங்குனி சித்திரைல அவரு பிஸியோ பிஸி. அதோட பத்தாவது மாசம் காசு முடிஞ்சதும் அவரு போயிருவாரு, கம்பு மூலைல சாஞ்சு கிடக்கும். கராத்தேல இதுக்கு மேல பெல்ட் டெஸ்ட்டுக்குத் தனி காசு, ட்ரெஸ்ஸுக்குத் தனி காசு, அத கட்ட முடியாத புள்ளை ஒதுங்கிரும். கராத்தேய அங்கயே கட் பண்ணிட்டோம்.

மூணாவது, கிரிக்கெட் கிட்டும் கேரம் போர்டும். இளவட்டப் பசங்க யோசனை. இதுக்கு நான் ஒரு வேலை பண்ணேன், நாலு அஞ்சு க்ளாஸ் சேத்து 24 புள்ளைங்களுக்கு விளையாட்டுப் பீரியட் விட்டப்ப வேப்பமரத்தடில உக்காந்துக்கிட்டு போன்ல ஸ்டாப் வாட்ச் போட்டு ஒரே ஒரு பையன மட்டும் பாத்தேன். ஃபீல்டிங்ல ஓரத்துல நிக்கிற சாதுப் பையன். 40 நிமிஷத்துல அவன் ஓடுனது ரெண்டரை நிமிஷம். பந்தத் தொட்டது மூணு தடவ, அதுலயும் ஒண்ணு அவன் மேல வந்து பட்டது. பேட்டிங் வரவே இல்ல, பெல் அடிச்சிருச்சு. பொண்ணுங்க ஒம்பது பேரு மரத்தடில மண்ணுல கோலம் போட்டுக்கிட்டு இருந்தாங்க, கேட்டா "எங்கள சேத்துக்க மாட்டாங்கத்தை"ன்னாங்க. கிரிக்கெட் மோசமான ஆட்டம்னு நான் சொல்லல, எங்க வீட்டுல சி.எஸ்.கே மேட்ச் ஓடுறப்ப சோறு கூட டிவி முன்னாடிதான். ஆனா எட்டு வயசுப் புள்ளைங்க 24 பேருக்கு ஒரு பந்துங்கிறது ரேஷன் கடை க்யூ மாதிரிதான், நிக்கிறதுக்கே நேரம் போயிரும்.

இன்னொண்ணு, 2024ல அரசு ஊராட்சி ஊராட்சியா கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு குடுத்துச்சுல்ல, எங்க ஊருக்கும் பேட் எல்லாம் வந்துச்சு, பெரிய பசங்க வெளையாடுறாங்க, நல்லது. ஆனா அந்த சைஸ் பேட்ட ரெண்டாங்கிளாஸ் புள்ளை தூக்கவே முடியாது. அதனால புதுசா பேட் வாங்குனாலும் அது ஒரு மாசத்துல அண்ணங்க கைக்குப் போயிரும்னு எனக்கு நல்லாவே தெரியும். கேரம் போர்டு? உக்காந்து ஆடுறது, மழைக்காலத்துக்கு சரி, இந்தக் கணக்குல வராது.

இங்கயே ஒரு சைடு பேச்சு. டவுன்ல இருக்கிற என் நாத்தனார் மகனுக்கு ஏழு வயசு, கிரிக்கெட் அகாடமில மாசம் 2,000 கட்டி சேத்திருக்காங்க, வாரத்துல அஞ்சு நாள், லீவே கிடையாது. "சின்ன வயசுலயே புடிச்சாத்தான் அண்ணி"ன்னு சொல்றா. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன எடுத்துக்கங்க, 20 வயசு வரைக்கும் ஊர்ல டென்னிஸ் பால்லதான் ஆடுனவரு, அப்புறம் இந்தியாவுக்கே ஆடுனாரு. அது ஒரு ஆளோட கதைன்னு தள்ளுனாலும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016லயே சொல்லிருக்கு, ஒரே வெளையாட்டுல முழுசா எறங்குறத 15, 16 வயசு வரைக்கும் தள்ளிப்போடுங்க, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு குடுங்க, இல்லாட்டி ஒரே தசை ஒரே மூட்டு தேஞ்சு அடிபடும், புள்ளைக்கும் சலிச்சுப்போயிரும்னு. அகாடமில சேக்கிற வசதி இருக்கிறவங்க சேருங்க, ஆனா வாரத்துக்கு ரெண்டு நாள் அது, மிச்ச நாள் தெருவுல கல்லா மண்ணான்னு இருந்தா அந்தப் புள்ளைக்குத்தான் கை கண்ணு கால் எல்லாம் ஒண்ணா வேலை செய்யும். ப்ரைமரி வயசுங்கிறது ஓட, தாவ, எறிய, பிடிக்க, பேலன்ஸ் பண்ண கத்துக்கிற வயசு, ஆட்டத்தோட பேரு அப்புறம் வரட்டும்.

நாலாவது, சறுக்கு ஊஞ்சல் செட். விலை கேட்டோம், போன வச்சுட்டோம். அந்த திருப்பூர் அண்ணன் மாதிரி இன்னும் ரெண்டு பேரு சேந்து குடுத்தாலும் பத்தாது. அதோட சித்திரை வெயில்ல இரும்புச் சறுக்குல உக்காந்தா பொசுங்கிரும்.

அஞ்சாவது யோசனை எங்க ஹெச்.எம் டீச்சரோடது, அவங்க ஸ்காட்லாந்துல நடக்குற ஒரு விஷயத்தச் சொன்னாங்க. 2012ல ஸ்டிர்லிங்ங்கிற ஊர்ல எலெய்ன் வைலின்னு ஒரு ஹெச்.எம் அம்மா, புள்ளைக ரொம்ப சோந்துபோறாங்கன்னு பாத்துட்டு தினமும் 15 நிமிஷம் எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போயி ஓட விட்டாங்களாம். ட்ரெஸ் மாத்த வேணாம், சாமான் வேணாம், போட்டி வேணாம், ஓடலாம் நடக்கலாம் பேசிக்கிட்டே போகலாம். டெய்லி மைல்னு பேரு, இப்ப பல நாட்டுல பண்றாங்க. காசே இல்லாத திட்டம். "25,000த்த அப்படியே கட்டடத்துக்கு வச்சுக்கலாம் போல"ன்னு ஒருத்தர் சிரிச்சாரு.

மூணு நாள் ஓட விட்டுப் பாத்தோம். எங்க மைதானத்த ஒரு சுத்து சுத்துனா 90 மீட்டர், ஒரு மைலுக்கு 18 சுத்து வரணும், நாங்க அதுக்கெல்லாம் போகல, 15 நிமிஷம் மட்டும். மொத நாள் குதூகலம். ரெண்டாம் நாள் நெருஞ்சி முள்ளு. பாதி மைதானம் நெருஞ்சி, அரசு குடுக்கிற செருப்பு போட்டு ஓடுனா கழண்டு கழண்டு வருது, கழட்டி வச்சுட்டு ஓடுனா காலெல்லாம் முள்ளு, ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. மூணாம் நாள் "திரும்பவும் சுத்தணுமா டீச்சர்"ன்னு இழுத்தாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சேன், என் பொண்ணு மூணு நாளும் போனா. அவ ஃப்ரெண்டு கையப் பிடிச்சுக்கிட்டு, பாதி நடை பாதி ஓட்டம், வயித்துவலின்னு சொல்லல. யாரும் மொதல்ல வரலங்கிறப்ப யாரும் கடைசியும் வரல. அந்த மூணு நாள்தான் என்னோட மூளைய மாத்துச்சு.

அதனால ஆறாவதா ஒண்ண நாங்களே கலந்து கட்டுனோம், இதுக்குத்தான் நான் ஓட்டு போட்டேன்: தினமும் கடைசி 25 நிமிஷம் ஊர் வெளையாட்டு, அத நடத்த ஒரு ஆள், அப்புறம் சில்லறைச் சாமான்.

ஊர் வெளையாட்டுன்னா சும்மா பழம்பெருமைக்காக இல்லங்க, அதே சாதுப் பையன கிளித்தட்டுல விட்டு அதே ஸ்டாப் வாட்ச வச்சுப் பாத்தேன், 40 நிமிஷத்துல 14 நிமிஷம் ஓடுனான். கிரிக்கெட்ல ரெண்டரை. கிளித்தட்டுல கோட்டு மேல காவல் நிக்கிறவனும் பக்கவாட்டுல ஓடணும், தாண்டுறவனும் ஓடணும், நடுக்கோட்டுல கிளி அங்கிட்டும் இங்கிட்டும் அலையணும், சும்மா நிக்க எடமே இல்ல. பொண்ணுங்க இதுல பசங்கள விட கெட்டி, வளைஞ்சு நெளிஞ்சு போறதுல அவங்கள அடிச்சுக்க முடியாது. செலவு ஒரு மூட்டை சுண்ணாம்புப் பவுடர். பச்சைக்குதிரை, பாண்டி, ஏழாங்கல்லு, கோகோ, ஸ்கிப்பிங்னு தாவுறது எறியுறது பிடிக்கிறது எல்லாம் இதுலயே வந்துருது.

ஆனா நம்ம வெளையாட்டுலயும் ஒரு ஓட்டை இருக்கு, இத நான் வீட்டுத் திண்ணைல உக்காந்து யோசிச்சிருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டேன், நேர்ல பாத்ததாலதான் தெரிஞ்சுச்சு. ஓடிப்பிடிச்சு, கபடி, கல்லா மண்ணா எல்லாத்துலயும் அவுட்டானா வெளிய உக்காரணும்ல? மொதல்ல அவுட்டாகுறது யாரு, மெதுவா ஓடுற புள்ளை. ஆக யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் புள்ளைதான் ரொம்ப நேரம் உக்காந்திருக்கும். ஊர்ல இருக்கிற ரிட்டயர்டு பி.டி வாத்தியார் கிட்ட சொன்னேன், அவரு பட்டுன்னு "உக்கார விடாதம்மா, அவுட்டானா ஓரத்துல பத்து தடவ ஸ்கிப்பிங் குதிச்சுட்டு திரும்ப உள்ள வரட்டும்"ன்னாரு. முப்பது வருஷ சர்வீஸு ஒரே வரில. அத விதியாவே எழுதிட்டோம். ம்யூசிக்கல் சேருக்கும் அதே.

இப்ப ஆள் விஷயம். டீச்சருங்க ரெண்டு பேரும் பாவம், எண்ணும் எழுத்தும் பாடம், எமிஸ் ஆப்ல வருகைப்பதிவு, எதுக்கெடுத்தாலும் போட்டோ அப்லோடு, இதுக்கு நடுவுல "நீங்களே வெளையாட்டும் நடத்துங்க டீச்சர்"ன்னு சொன்னா ஒரு வாரம் நடக்கும், அப்புறம் "போயி வெளையாடுங்கப்பா"ன்னு கதவத் திறந்து விடுறதோட நின்னுரும், அப்படி விட்டா பெரிய பசங்க மைதானத்தப் பிடிச்சுக்குவாங்க, சின்னது எல்லாம் ஓரத்துக்கு வந்துரும். அதனால காசுல பெரிய பங்கு ஆளுக்குத்தான் போகணும்னு நான் பிடிவாதமா நின்னேன். எங்க ஊர்ல இல்லம் தேடிக் கல்விங்கிற அரசுத் திட்டத்துல சாயங்காலம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற தன்னார்வலரா இருந்த பொண்ணு ஒருத்தி இருக்கா, டிகிரி முடிச்சுட்டு டி.என்.பி.எஸ்.சிக்குப் படிக்கிறா, புள்ளைங்க எல்லாம் அவள "அக்கா அக்கா"ன்னு சுத்தும். மாசம் 1,000 ரூபாய்க்கு தினமும் 3:40ல இருந்து அரை மணி நேரம் வர ஒத்துக்கிட்டா. அந்தத் திட்டத்துல குடுத்த அதே தொகைதான். பத்து மாசம் 10,000. "ஒரு பொண்ணுக்கு வெளையாட்டு சொல்லிக் குடுக்க என்ன தெரியும்"னு ஒரு குரல் வந்துச்சு பின்னாடிலேர்ந்து, பி.டி வாத்தியார் எந்திரிச்சு மொத மாசம் நான் கூட இருந்து பழக்கி விடுறேன்னு சொன்னதும் அடங்கிருச்சு. பொண்ணுங்க 31 பேரு இருக்கிற ஸ்கூல்ல வெளையாட்டு சொல்லிக் குடுக்கிறது ஒரு அக்காவா இருந்தா "வெயில்ல கறுத்துப்போயிருவ, போகாத"ன்னு சொல்ற வீட்டுக்கும் ஒரு பதில் கிடைக்கும்னு எனக்கு ஒரு நப்பாசை.

நேரம் பத்தியும் ஒரு வாக்குவாதம். காலைலயா சாயங்காலமா? 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்த காலை உணவுத் திட்டத்துக்கு முன்னாடின்னா, காலைல வெளையாட்டுங்கிற பேச்சையே எடுக்க முடியாது, அசெம்ப்ளிலயே மயங்கி விழுந்த புள்ளைங்கள நான் பாத்திருக்கேன். இப்ப சாப்பிடுறாங்க, ஆனா உப்புமா பொங்கல்னு சாப்பிட்ட கையோட ஓட விட்டா இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், சாப்பாட்டுக்கு முன்னாடின்னா வெறும் வயிறு. மத்தியானம் வெயிலு. 3:40க்கு வேப்பமர நெழல் பாதி மைதானத்துல விழுந்துரும், அதான் சரின்னு முடிவாச்சு. படிப்பு கெட்டுப்போகும்னு யாராச்சும் கேப்பாங்கன்னு பாத்தேன், அந்த நேரத்துல எப்படியும் பாதிப் புள்ளைங்க கண்ணு செருகித்தான் உக்காந்திருக்கும்னு டீச்சரே சொல்லிட்டாங்க.

சாமான் லிஸ்ட்ட அப்படியே போடுறேன், யாராவது வாங்கப் போனா உதவும், விலை எங்க டவுன் மொத்தக் கடைல பேரம் பேசுனது. ஸ்கிப்பிங் கயிறு 20, ஒண்ணு 60ன்னு 1,200. ரப்பர் பந்து 30, ஒண்ணு 25ன்னு 750, ரெண்டு புள்ளைக்கு ஒரு பந்து, இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, பந்து எண்ணிக்கைதான் எல்லாமே. எறிஞ்சு பிடிக்கிற ரப்பர் வளையம் 10, 600. சின்ன சைஸ் ஃபுட்பால் 4, 1,000. ப்ளாஸ்டிக் கோன் 20, 800. சுவத்துலயும் சிமெண்ட் தரையிலயும் பாண்டிக் கட்டம், இலக்கு வட்டம் வரைய பெயிண்ட் ப்ரஷ் 1,100. நீளக் கயிறு 200, சுண்ணாம்புப் பவுடர் 300, விசில் ரெண்டு 100, வலைப்பை 100. மொத்தம் 6,150. ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி 600. நெருஞ்சிய செரைக்க ஜே.சி.பி ரெண்டு மணி நேரம் 2,600, இத மொதல்ல பண்ணாம வேற எதப் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. ஆள் சம்பளம் 10,000. எல்லாம் கூட்டுனா 19,350.

மிச்சம் 5,650. அதுல 3,000த்த ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒதுக்கிட்டோம், ஆமா, வேணாம்னு நான் அவ்வளவு பேசியும் ஊரு விடல, சரி நடக்கட்டும்னு ஒரு சமரசம்: ஓட்டப்பந்தயத்துல மூணு பரிசு கிடையாது, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எல்லா க்ளாஸும் கலந்த ஆறு டீம், டீமுக்குத்தான் புள்ளி, அம்மா அப்பாவுக்கும் ஒரு கிளித்தட்டு மேட்ச். மைக்ல யாரு பேசணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன், இந்த ஒரு அதிகாரத்த மட்டும் தீர்மான நோட்டுலயே எழுதி வாங்கிட்டேன்.

நிமிஷக் கணக்குல பாத்தா, ஸ்போர்ட்ஸ் டேக்கு கடைசிப் புள்ளை வருஷத்துக்கே 12 செகண்ட், சிலம்பத்துக்கு வாரம் 25 நிமிஷம், கிரிக்கெட்டுக்கு பீரியடுக்கு ரெண்டரை, எங்க கலவைல தினமும் 25 நிமிஷத்துல பாதி அசைஞ்சாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம். 420க்கு இது ரொம்பக் கம்மிதான், மறைக்கல. ஆனா ஒண்ணு பாக்கணும், ஸ்கூல்ல கத்துக்கிற கிளித்தட்டு தெருவுக்கும் வரும், அதுக்கு சாமானும் வேணாம் மாஸ்டரும் வேணாம், சிலம்பக் கம்பு வீட்டுக்கு வராது.

உங்க ஊர்ல நிலவரம் வேறன்னா முடிவும் வேறயா இருக்கலாம். முப்பது புள்ளைக்குக் கீழ இருக்கிற ஸ்கூல், பக்கத்துலயே வாரத்துக்கு மூணு நாள் வர்ற நல்ல சிலம்ப ஆசான்னா நான் கண்ண மூடிக்கிட்டு சிலம்பத்துக்குத்தான் போவேன். மைதானமே இல்லாத டவுன் ஸ்கூல்னா ஸ்கிப்பிங் கயிறும் சுவத்துல வட்டமும், கூடவே வராண்டால பாண்டி, அதுக்கு மேல எடத்த எங்க தேடுறது. வெளையாட வைக்க ஆள் கிடைக்கலன்னா மட்டும் சாமான் வாங்காதீங்க, பீரோல பூட்டித்தான் இருக்கும், சாவி ஹெச்.எம் கிட்ட இருக்கும், தொலைஞ்சா நாம பதில் சொல்லணுமேன்னு அவங்களும் பயந்துக்கிட்டு வெளிய எடுக்க மாட்டாங்க. எங்க கூட்டத்துல மொத தீர்மானமே அதான், பந்து தொலைஞ்சா கிழிஞ்சா டீச்சர யாரும் கேக்கக்கூடாது.

அதுக்குத்தான் மிச்சம் இருக்கிற 2,650ஐ தனியா எடுத்து வச்சிருக்கோம். மைதானத்துக்குத் தெக்க காம்பவுண்டு சுவரு, அதுக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியம்மா வெண்டைக்கா போட்டிருக்காங்க, உள்ள விழுகுற பந்த இதுவரைக்கும் ஒரு தடவகூட திருப்பிக் குடுத்தது கிடையாது.